நிற்கக் கூடாத தண்ணீர்

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, ஒரு குழி இருக்கிறது. அதில் நாலு வருடம் மழைத் தண்ணீர் நின்றது. வந்தவர் போனவர் எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் அது நிற்கக் கூடாத தண்ணீர். அது நின்றதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். நின்றுகொண்டே இருந்ததற்குக் காரணம் நான். இரண்டில் எது பெரிய தப்பு என்று யாராவது கேட்டால், இன்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நகரசபைத் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கோலார் தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல் பகுதியில் நாங்கள் இருந்த வீடும் நிலமும் சுரங்கக் கம்பெனிக்குச் சொந்தம். ஓட்டு மட்டும் நகரசபைக்கு. எங்கள் லைனில் பத்தாவது வரை படித்து, கன்னடத்தில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாய்ச்சண்டையில் தோற்றதில்லை என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரே எனக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தது, பிறகு என்னைக் கெடுத்ததும் அதுதான்.

என் வீட்டுக்காரர் நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கடியில் வெட்டிய இடம் இடிந்து விழாமல் மரம் நிறுத்தித் தாங்க வைக்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். நான் ஜெயித்த அன்று மாலை போட்டு ஊர்வலம் விட்டபோது, ஓரமாக வந்து, "இன்னாமே, இனிமே வூட்ல கொழம்புக்கு உப்பு இல்லன்னாக்கூட மனு குடுக்கணுமா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் பெண்கள் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். லைன் கடைசியில் ஒரு பழைய கிணறு இருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் குனிந்தால் முகம் தெரியும். அப்புறம் கயிறு நீண்டுகொண்டே போய், கடைசியில் வாளி பாறையில் இடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை போட்டுவிட்டு, யார் குடத்தை யார் நகர்த்தியது என்று காலையிலேயே சண்டை தொடங்கிவிடும். "இந்தக் கிணத்துல தண்ணி வர வைக்கிறேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். எப்படி வர வைப்பேன் என்று எனக்கே தெரியாது.

புதிதாக ஜெயித்த பெண்களுக்குக் கோலாரில் பயிற்சி வைத்தார்கள். அங்கே பாடம் எடுத்த ஒருவர், பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, இனி மழை அளவாகப் பெய்யாது, பெய்யாமல் கிடந்து திடீரென்று ஒரேயடியாகக் கொட்டும், கொட்டுகிற தண்ணீரை அங்கங்கே மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும், அதை ஊர் மக்களே செய்யலாம், நகரசபை கூட நிற்க வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் மனதில் பதிந்தது. எங்கள் ஊரில் மழை அப்படித்தான் மாறிப்போயிருந்தது. ஐப்பசியில் ஒரு வாரம் ஊறப் பெய்கிற மழை போய், ஒரு சாயங்காலம் பெய்து சயனைடு மேட்டைக் கரைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாள் வெயில் அடிக்கும்.

வந்ததும் வீட்டு வாசலில் அவருடைய கேங்கு ஆட்களை உட்காரவைத்து விவரம் சொன்னேன். கேங்கு என்றால் சுரங்கத்துக்குள் போகிற கூண்டில், அதாவது கேஜில், சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏறுகிற ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவர், "அய்ய, பூமி சூடாவுதுன்னு கேக்கறதுக்கா கோலாருக்குப் போன? நாளிக்கி எங்க கேஜுல வா, எத்தினி சூடுன்னு தொட்டே பாக்கலாம்" என்றார். ஆழத்து லெவலில் வியர்வையில் நனைந்த துணியைப் பிழிந்து பிழிந்து கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். பூமியின் சூட்டைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனேனே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடைசியில், "ஞாயித்துக்கெயம லீவுதான். எங்க தோண்டணும்னு காட்டு" என்று என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார்.

நகரசபையில் ஒரு ஜூனியர் இன்ஜினியர் இருந்தார். தார்வாட் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். அவர் வந்து பார்த்துக் கிணற்றுக்கு மேல்பக்கம், தண்ணீர் தானாக ஓடிச் சேருகிற பள்ளமான இடத்தைக் காட்டினார். அங்கே பெரிய குழியாக வெட்ட வேண்டும். மழைத் தண்ணீர் அதில் சேர்ந்து, மெல்ல மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுக்கு ஊறும். இது சரியாக வந்தால் வார்டில் இன்னும் நாலு இடத்தில் வெட்டலாம் என்றார். கல்லும் சிமெண்டும் நகரசபை. வேலை எங்கள் ஆட்கள். கம்பெனியும் சரி என்று சொல்லிவிட்டது.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அவ்வளவு அழகான வேலை. பத்தடிக் குழிதானே என்று யாரும் ஏனோதானோ என்று வெட்டவில்லை. நூல் பிடித்து, குண்டு விட்டு, சுரங்கத்துக்கு ஷாப்ட் இறக்குகிற மாதிரியே சுவரை நேராக இறக்கினார்கள். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட வில்லை ஒன்று உண்டு. மேலே பலகையில் ஒரு வில்லை மிச்சமிருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். இங்கேயும் அதே பழக்கம். கலர் பாட்டில் மூடிகளில் துளை போட்டு, குழியோரத்து வேப்பமரத்தில் ஓர் ஆணி அடித்து, இறங்குகிறவர் ஆளுக்கொரு மூடியை மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். ஆணி காலியாகாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பத்தடிக் குழிக்கு இத்தனை சடங்கா என்று பெண்கள் நாங்கள் கேலி செய்தோம். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உள்ளே இறங்கிப் பார்க்கிறேன் என்று நான் ஒருமுறை ஏணியில் கால் வைத்தேன். "மெம்பரா இருந்தா இன்னா, பொம்பளைங்க எறங்கக் கூடாது" என்று ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சுரங்கத்தின் சட்டம் குழிக்கும் சட்டம்.

அடிப்பாறைக்கு வந்தபோது அதில் நீளமாக ஒரு வெடிப்பு தெரிந்தது. இன்ஜினியருக்கு ஒரே சந்தோஷம். ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். கண்மூடித் திறப்பதற்குள் வெடிப்பு குடித்துவிட்டது. "தேவரு கொட்ட தாரி மேடம்" என்றார். கடவுளே கொடுத்த வழியாம். என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து அந்த வெடிப்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "அடியில பழைய வேல இருக்குது. அந்தத் தண்ணி எங்க போயி நிக்கும்னு சொல்ல முடியாது. கீழ ஆளுங்க கீறாங்க." பழைய வேலை என்றால் எப்போதோ வெட்டிக் கைவிட்ட சுரங்கப் பாதை.

"கிணத்துக்குப் போவும், வேற எங்க போவும்? இன்ஜினியருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்றேன். அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம். இருபது வருடக் குடித்தனத்தில் எனக்கு வசதியாக இருந்த பழக்கம்.

அதற்கடுத்த ஞாயிறு எனக்கு மறுபடியும் கோலாரில் பயிற்சி. திரும்பி வந்தபோது குழி வேலை முடிந்திருந்தது. நாலு பக்கமும் கல் கட்டி, அடியில் மெல்லிசாக மணல் பரப்பி, பார்க்கவே கோயில் குளம் போல இருந்தது. சந்தோஷத்தில் எல்லாருக்கும் பாயசம் வைத்துக் கொடுத்தேன். மணலுக்கு அடியில் என்ன செய்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அந்த வருடம் மழை நன்றாகக் கொட்டியது. குழி நிரம்பித் ததும்பியது. நகரசபையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். தண்ணீர் தை முடிந்தும் நின்றது. மாசியிலும் நின்றது. எருமைகள் வந்து குடித்தன. நான் பக்கத்து வார்டு மெம்பர்களைக் கூட்டிவந்து காட்டினேன். "பாத்தியா, எங்க ஆளுங்க வேலய!" என்று பெருமையடித்தேன். அந்தத் தண்ணீர் நிற்கவே கூடாது, இறங்கிப் போயிருக்க வேண்டும் என்பது படித்த எனக்கு உறைக்கவில்லை. கிணற்றில் வாளி அதே பாறையில்தான் இடித்துக்கொண்டிருந்தது.

பங்குனியில் இன்ஜினியர் வந்தார். குழியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. வெயிலில் தண்ணீர் வற்றி ஒரு மூலையில் மட்டும் மிச்சமிருந்தது. கம்பியால் மணலைக் கிளறினார். களிமண். அதற்கு அடியில் சிமெண்ட். வெடிப்பு முழுக்கச் சக்கை அடித்து, சல்லி திணித்து, கொஞ்சம்கூடக் கசியாதபடி அடைத்திருந்தார்கள். அவர்கள் கற்ற வித்தையெல்லாம் அந்த அடைப்பில் இருந்தது. சுரங்கத்தில் மேலே இருந்து கீழே தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆயுசு முழுக்க அவர்கள் செய்தது. தண்ணீரைக் கீழே அனுப்புவதற்காக ஒரு குழியை வெட்டச் சொன்னால், அதையும் கசியாத குழியாகத்தான் அவர்கள் கைக்கு வெட்டத் தெரிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு காலை எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னேன். அடுத்த குழிக்குக் கோடு போடத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, மம்பட்டி கூடையோடு வந்து, ஆணியில் மூடிகளையும் மாட்டிவிட்டு நின்றார்கள். இன்ஜினியர் இருந்தார். லைன் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"யார் அடைச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர். "கீழ செகண்ட் ஷிப்டுல உன் தம்பி கீறான்."

என் தம்பி சுரங்கத்தில் பம்பு பார்க்கிறவன். அந்த ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சால்வை போட்டுக்கொண்ட அவமானம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். குறைத்து எழுதினால் எனக்கே அசிங்கம்.

"எலி மாதிரி பூமிக்குள்ளயே கெடந்தா மூளையும் இருட்டாத்தான் இருக்கும். கீழ கீழன்னு கீழயே பேசிகினு இருங்க. மேல கீறவங்க தண்ணி இல்லாம சாவட்டும். மேல கீற ஜனத்துக்காக என்னிக்காவது ஒரு நாள் நீங்க யோசிச்சது உண்டா?"

பொழுது விடிந்தால் கேஜில் இறங்குகிற மனுஷரிடம் கேட்ட கேள்வி இது. மேலே இருக்கிற எங்களுக்குச் சோறு போடத்தான் அவர் அத்தனை வருடமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மரத்திடம் போய், ஆணியிலிருந்து தன் மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்தவர் தன்னுடையதை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். ஏழு மூடிகளும் போய் ஆணி காலியானது. யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

இன்ஜினியர் விடவில்லை. கம்பெனி ஆபீசுக்கு நடந்து, அந்த இடத்துப் பழைய வேலைக்கும் இப்போது ஆள் இருக்கிற லெவலுக்கும் தொடர்பில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வந்தார். அதை நான் அடுக்களையில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரலில் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டு முடித்துவிட்டு, "அன்னிக்கி வந்த தண்ணிகூட லெட்டர் படிச்சிட்டு வர்ல, மெம்பரம்மா" என்றார்.

எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, எங்கோ பழைய வேலையில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து, இவரும் இன்னும் நாலு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஷிப்டு முழுக்க நின்றிருந்தார்கள். கூட இருந்தவர் பீடிக் கட்டை நனையாமல் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றதைத்தான் இவர் சொல்வார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அதைச் சிரிப்புக் கதையாகவே கேட்டுப் பழகியிருந்தேன். அவர் குனிந்து வெடிப்பில் காதை வைத்தபோது கேட்டது எந்தச் சத்தம் என்று எனக்கு அடுக்களையில் நிற்கும்போதுதான் புரிந்தது. புரிந்தும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை வீட்டிலும் மெம்பரம்மா என்றுதான் கூப்பிட்டார். 'இன்னாமே' போய்விட்டது.

அடைப்பை உடைக்க ஆள் தேடினேன். எங்கள் லைனில் மட்டுமல்ல, பக்கத்து லைன்களிலும், ஸ்கெலட்டன் லைன் வரைக்கும் போய்க் கேட்டேன். விஷயம் எனக்கு முன்னால் போயிருந்தது. கீழே ஆள் இருக்கும்போது உடைக்க மாட்டோம் என்றார்கள். நான் பேசிய பேச்சை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெட்டுவதாக இருந்த நாலு குழிகளும் வேறு வார்டுக்குப் போயின. இன்ஜினியருக்கும் மாற்றல் வந்துவிட்டது. போகும்போது, "தப்பு என்னுடையதும்தான், உங்கள் வீட்டுக்காரரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று கன்னடத்தில் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு மனசு இருந்தது. அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை.

வருடா வருடம் மழை பெய்தது, குழி நிரம்பியது, வெயில் அதைக் குடித்தது. பெண்கள் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் மழையை, வெயிலை, நகரசபையை எல்லாவற்றையும் திட்டினார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டுத் தானாக மம்பட்டி தூக்கிக்கொண்டு வந்த ஜனத்தை, ஒரே காலையில் வாயால் விரட்டியவள் நான்.

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அழுகையும் கூட்டமும் கோஷமுமாக அந்த நாட்கள் போயின. எல்லாரும் ஏறி வந்த பிறகும் பம்பு பார்க்கிற சிலரை மட்டும் கொஞ்ச நாள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி அதில் ஒருவன். ஒருநாள் அவனும் வந்து, இனிமேல் இறங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, யார் யார் ஏறிவிட்டார்கள் என்று ஒவ்வொரு பேராகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை டீ கொண்டுபோனால் அவர் வீட்டில் இல்லை. சவரப்பெட்டி திறந்து கிடந்தது. அதில் மூன்று வருடமாக பிளேடுக்குப் பக்கத்தில் கிடந்த கலர் மூடியைக் காணவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

வேப்பமரத்து ஆணியில் அந்த ஒற்றை மூடி மாட்டியிருந்தது. குழிக்குள் அவர் சம்மட்டியும் உளியுமாகத் தான் அடைத்ததைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். அவர் அடைத்த அடைப்பு, அவருக்கே லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"இனிமே தண்ணி போவட்டும்" என்றார். "கீழ யாரும் இல்ல."

அவர் குரல் உடைந்ததை நான் அன்று ஒரு முறைதான் கேட்டேன். அந்த வருட மழைக்குக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. அதை இறைக்க லைனில் பாதி வீட்டில் ஆள் இல்லை. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், அப்படியே அங்கே தங்கிவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று வருடமாகத் தொண்டையில் கிடந்த ஒரு வார்த்தையை அவருக்குப் பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான். ஏணியில் கால் வைத்தேன். பாதி இறங்கியிருப்பேன்.

"மூடி மாட்னியா மே?" என்றார், தலை நிமிராமல்.

ஏறி வந்தேன். மரத்தடி மண்ணைக் கையால் கிளறி, அந்த ஞாயிறுகளில் துளை போட்டு மிச்சமாய் விழுந்துகிடந்த, துருப்பிடித்த ஒரு மூடியைத் தேடி எடுத்தேன். அதை அவருடையதற்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு இறங்கினேன்.